சிலிங்குக்கு மேலே ஓடும் ஏர்கோன் டக்ட்: மூன்று தடவை கேஸ் போட்டும் குளிரவில்லை, அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது

பெர்ஜுந்தை டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து எழுதுகிறேன். பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாறி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, எங்கள் வீட்டில் இன்னும் பெர்ஜுந்தைதான்.

இரண்டு வருடத்துக்கு முன் டவுனுக்கு வெளியே, செம்பனை ஓரமாக ஒரு தனி வீடு வாங்கினோம். ஒரு கட்டடக் குத்தகையாளர் தனக்கென்று கட்டிக்கொண்ட வீடு. அதனால் நம் பக்கம் யார் வீட்டிலும் பார்க்காத ஒன்றை வைத்திருந்தார். சுவரில் மாட்டுகிற ஏர்கோன் இல்லை. ஐந்து குதிரைசக்தியில் ஒரே பெரிய மெஷின், நடைவழிச் சிலிங்குக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து தகர டக்ட், அதாவது காற்று போகிற பெட்டிக் குழாய், கிளம்பி, பிறகு வெள்ளி நிறத்தில் வளைகிற குழாய்களாகப் பிரிந்து ஹாலுக்கும் மூன்று அறைகளுக்கும் போகிறது. நடைவழிச் சிலிங்கில் ஒரு பெரிய கிரில் உண்டு, அதன் வழியாகத்தான் மெஷின் காற்றை இழுக்கிறது.

வாங்கும்போது பெருமையாகத்தான் இருந்தது. இப்போது அது எங்களைப் பாடாய்ப் படுத்துகிறது.

அம்மாவுக்கு 71 வயது. முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை நான்கு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய், பனியிலும் கொசுவிலும் நின்றவர். அப்போதெல்லாம் வராத இருமல் இந்த வீட்டுக்கு வந்தபிறகு வந்திருக்கிறது. காலையில் அவர் தலையணை உறையைக் கையால் தட்டினால் கருப்பாகப் பொடி ஒட்டுகிறது. "தலைக்கு மேல கோழிக் கொட்டாய் இருக்கிற மாதிரி வாடை அடிக்குது" என்கிறார். எனக்கும் அந்த வாடை தெரிகிறது, ஏர்கோன் போட்ட முதல் பத்து நிமிடம் அதிகமாக.

பின்னறை எப்போதும் குளிர்வதே இல்லை. ஹாலில் கிரில்களைச் சுற்றிச் சிலிங்கில் கருந்திட்டு படர்ந்திருக்கிறது, துடைத்தால் இரண்டு வாரத்தில் திரும்ப வருகிறது. ஏர்கோன் ஓடும்போது அம்மாவின் அறைக் கதவு தானாகப் படார் என்று அடித்துக்கொள்கிறது.

எனக்குப் பிடிபடாத ஒன்றைச் சொல்கிறேன். போன மாதம் ராஜா மூசா காட்டுப் பக்கம் கரிமண் எரிந்து புகை வந்தது. சன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஏர்கோன் போட்டோம். போர்ச்சில் இருந்ததைவிட வீட்டுக்குள் புகை வாடை அதிகமாக இருந்தது. ஏர்கோனை நிறுத்தியதும் குறைந்தது. இது எப்படி?

எட்டு மாதத்தில் ஒரே ஏர்கோன் கடைக்காரர் மூன்று தடவை வந்து கேஸ் போட்டுவிட்டுப் போனார். ஒவ்வொரு தடவையும் இரண்டு வாரம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும், பிறகு பழையபடிதான். கடைசித் தடவை, "மெஷின் பழசாச்சு, மொத்தமா மாத்தணும், 9,000 வெள்ளி ஆகும்" என்று சொல்லிவிட்டார். மின்சாரக் கட்டணம் போன மாதம் 1,140 யூனிட். மாற்றத்தான் வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பணத்தைவிட அம்மாவின் மூச்சுதான் என் கவலை.

செம்பனை மகன் எழுதியது:

டீச்சர், அந்த டக்டைத் தூக்கிப் போட்டுட்டு அறைக்கு ஒன்னு சுவத்துல மாட்டுற ஏர்கோன் போட்டுருங்க. இன்வெர்ட்டர்ல ஒரு குதிரைசக்தி இப்ப மலிவாதான் கிடைக்குது. எந்த அறையில ஆள் இருக்கோ அதை மட்டும் போட்டுக்கலாம். எங்க வீட்டுல நாலு பேரு, ரெண்டு ஏர்கோன், பிரச்சினையே இல்ல. பில்டரை நாமே கழட்டிக் குழாயடியில கழுவிக்கலாம். சிலிங்குக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? எலிதான் குடும்பம் நடத்தும்.

தகரக் கை எழுதியது:

டீச்சர், வணக்கம். நான் ரவாங்லேர்ந்து எழுதறேன். முப்பத்தொரு வருஷம் டக்ட் அடிச்சவன். ஆஸ்பத்திரி, பேக்டரி, பெரிய கடைத் தொகுதின்னு தகரத்தை வெட்டி மடிச்சு ஏத்தினதுலயே வயசு போயிடுச்சு. இப்ப முதுகு விடல, வீட்டுல இருக்கேன். உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். நீங்க எழுதியிருக்கிற அஞ்சு அடையாளமும் ஒரே வியாதியைத்தான் காட்டுது. மெஷின்ல கோளாறு இருக்கும்னு எனக்குத் தோணல. டக்ட் ஒழுகுது.

மொதல்ல, இன்னொரு தடவை கேஸ் போட விடாதீங்க. ஏர்கோன் கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ற சாமான் இல்ல. செம்புக் குழாய்க்குள்ள அடைபட்டுச் சுத்திக்கிட்டே இருக்கணும். குறைஞ்சா எங்கயோ ஓட்டை, அந்த ஓட்டையக் கண்டுபிடிச்சு அடைக்காம மேல மேல ஊத்துறது வேலையே இல்ல. குறையலன்னா போட்ட கேஸ் தேவையே இல்லாதது, கூடிப்போனா கம்ப்ரசருக்குத்தான் கெடுதல். மூனு தடவை வந்தவர் ஒரு தடவையாவது சிலிங்குக்கு மேல தலைய நீட்டிப் பாத்தாரான்னு கேளுங்க.

இப்ப புகை விஷயம். உங்க மெஷினுக்கு ரெண்டு பக்கம் இருக்கு. ஒன்னு இழுக்கிற பக்கம், நடைவழிக் கிரில்லேர்ந்து மெஷின் வரைக்கும் உள்ள பெட்டி. இன்னொன்னு தள்ளுற பக்கம், மெஷின்லேர்ந்து அறைங்களுக்குப் போற டக்ட். இழுக்கிற பெட்டியில மூட்டு சரியா சேரலன்னா மெஷின் அறைக் காத்தோட கூரைக் காத்தையும் சேர்த்து உறிஞ்சும். ஓட்டுக்கூரை சல்லடை மாதிரி, வெளிப் புகை தாராளமா உள்ள வந்து நிக்கும். அதைத்தான் உறிஞ்சி அம்மா தலைமாட்டுல ஊதுது. உங்க பில்டர் கிரில்லுலதான இருக்கு? அப்ப பில்டருக்கு அப்புறம் இருக்கிற ஓட்டை வழியா வர்ற எதையும் அது பாக்கிறதே இல்ல. பல்லி எச்சம், எலிப் புழுக்கை, கட்டின காலத்துச் சிமெண்டுத் தூசி எல்லாம் நேரா உள்ள. கோழிக் கொட்டாய் வாடைன்னு அம்மா சொன்னது ரொம்பச் சரி.

தள்ளுற பக்கம் ஒழுகினா வேற கூத்து. காசு குடுத்துக் குளிர வச்ச காத்து கூரைக்குள்ள போயிடும். அது மட்டும் இல்ல. வீட்டுக்குள்ளேர்ந்து இழுத்த காத்து முழுசா வீட்டுக்குள்ள திரும்பலன்னா அந்தக் குறையை யார் நிரப்புறது? வெளிக் காத்துதான். சன்னல் இடுக்கு, கதவு அடி, பாத்ரூம் ஓட்டை எல்லா வழியாவும் சூடும் ஈரமும் உள்ள வரும். சாத்தின வீட்டுக்குள்ள புகை அதிகமா இருந்ததுக்கு ரெண்டு பக்க ஒழுகலும் காரணமா இருக்கலாம்.

கருந்திட்டு பத்தியும் சொல்லிடறேன். ஐஸ் மைலோ கிளாஸ் வெளிப்பக்கம் வேர்க்குதில்ல? நம்ம ஊர்க் காத்துல உள்ள ஈரத்துக்கு 24 டிகிரிக்குக் கீழ போற எந்தச் சாமானும் அப்படித்தான் வேர்க்கும். கிரில்லுக்குப் பின்னால டக்ட் பெட்டிக்கும் சிலிங் பலகைக்கும் நடுவுல இடைவெளி இருந்தா குளிர் காத்து பலகைக்கு மேல பரவிப் பலகை குளிரும், வேர்க்கும், அப்புறம் பூஞ்சை. கீழ எவ்வளவு துடைச்சாலும் மேல ஈரம் நிக்கிற வரைக்கும் அது வரும்.

அமெரிக்க அரசாங்கத்தோட எனர்ஜி ஸ்டார் திட்டம் ஒரு கணக்கு சொல்லும், சாதாரண வீட்டு டக்ட்ல ஓடுற காத்துல 20லேர்ந்து 30 விழுக்காடு ஓட்டையிலயும் சரியா சேராத மூட்டுலயும் வீணாப் போகுதுன்னு. அது அவங்க நாட்டு வீட்டுக் கணக்கு. ஆனா அங்கயும் டக்ட் கூரைக்குள்ளதான் ஓடுது, இங்கயும் கூரைக்குள்ளதான் ஓடுது.

செம்பனை மகன் சொல்றதும் தப்பில்ல. டக்ட் துருப்பிடிச்சு அரிச்சுப் போயிருந்தா நானும் அதையேதான் சொல்வேன். ஆனா பாக்காமலே தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனசு வரல. நல்லா அடிச்ச தகரம் அம்பது வருஷம் கிடக்கும். மூட்டுதான் மொதல்ல போகும்.

ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. மீன் தொட்டிக்கு விக்கிற ஒயர் வச்ச சின்ன தெர்மோமீட்டர் வாங்குங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல, வெயில் கூரையில ஏறினப்புறம் ஏர்கோனை அரை மணி நேரம் ஓட விட்டுட்டு மூனு இடத்துல சூடு எடுங்க. நடைவழியில கிரில்லுக்குக் கீழ ஒன்னு. கிரில்லைத் திறந்து உள்ள மெஷின் வாய்க்கிட்ட ஒன்னு. கூரைக்குள்ள ஒன்னு. மூனு எண்ணையும் இங்க எழுதுங்க. பெட்டி நல்லா இருந்தா மொத ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்னா இருக்கணும்.

அப்புறம் ஊதுபத்தி. மெஷின் ஓடறப்ப மேல ஏறி ஒவ்வொரு மூட்டுக்கிட்டயும் காட்டுங்க. இழுக்கிற பக்கம் ஓட்டை இருந்தா புகை உள்ள போகும், தள்ளுற பக்கம்னா சிதறி அடிக்கும். கொள்ளி பக்கத்துல இருக்கிற இன்சுலேஷன்ல படாமப் பாத்துக்குங்க. மேல ஏறுறவங்க மரச்சட்டத்துல மட்டும் கால் வைக்கணும், பலகையில வச்சா ஹாலுக்குள்ள வந்து விழுவாங்க. மூக்குக்கு என்95 போட்டுக்கங்க. இன்னொன்னு, சிலிங் பலகை பழைய அஸ்பெஸ்டாஸ் சிமெண்டா இருக்குமோன்னு சந்தேகம் இருந்தா அதை வெட்டவோ துளைக்கவோ தேய்க்கவோ கூடாது. விசாரிச்சுட்டு அப்புறம் ஏறுங்க.

கிள்ளான் தாதி எழுதியது:

டீச்சர், நான் தாதியாக இருக்கிறேன், டக்ட் பற்றி எனக்குத் தெரியாது. அம்மாவை மட்டும் கிளினிக்கில் காட்டுங்கள். எழுபது வயதில் புதிதாக வரும் இருமலை வீட்டுத் தூசி என்று நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. நெஞ்சு எக்ஸ்ரே, சளிச் சோதனை எல்லாம் அரசாங்கக் கிளினிக்கிலேயே எழுதிக் கொடுப்பார்கள்.

2005 ஆகஸ்ட் 11ஆம் தேதியை உங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கோல சிலாங்கூருக்கும் போர்ட் கிள்ளானுக்கும் அவசரகாலம் அறிவித்த நாள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியிருந்தது. அப்போது நான் பயிற்சியில் இருந்தேன். சன்னலைச் சாத்திக்கொண்டு ஏர்கோன் போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் வந்தவர்களிடமெல்லாம் சொன்னோம். ஏர்கோன் கூரையிலிருந்து புகையை இழுக்கும் என்பதை இன்றுதான் படிக்கிறேன், மனத்துக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஏர்கோனோடு வரும் நைலான் வலை பெரிய தூசியைத்தான் பிடிக்கும், புகையின் நுண்துகளைப் பிடிக்காது. வேலை முடியும்வரை அம்மா அறைக்கு, நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா பில்டர் உள்ள சின்னக் காற்றுத் தூய்மிப்பான் ஒன்று வையுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெர்ஜுந்தை டீச்சர் எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னபடி சனிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு எடுத்தேன். நடைவழியில் 27. மெஷின் வாய்க்குப் பக்கத்தில் 32. கூரைக்குள் 43. சிலிங் பலகை பிளாஸ்டர்தான், வீட்டுப் பிளானில் எழுதியிருக்கிறது.

அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன், தாதியம்மா. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஒவ்வாமை இருமல் என்று சொல்லி மூச்சோடு உறிஞ்சும் மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஞாபகப்படுத்தியதற்கு மிகவும் நன்றி.

தங்கை வீட்டுக்காரர் ஊதுபத்தியோடு ஏறினார். நான் ஏணியில் நின்று டார்ச் பிடித்தேன். இழுக்கிற பெட்டியைப் பிளைவுட்டால் செய்திருக்கிறார்கள். மின்கம்பி கொண்டுபோக அதன் ஒரு பக்கத்தை வெட்டிவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள், என் கை விரித்தால் நுழைகிற அகலம். ஊதுபத்திப் புகை அந்த இடத்தில் கயிறு மாதிரி நீண்டு உள்ளே போனது. எங்கும் சாம்பல் நிறத் துணி டேப். வாழைச்சருகு மாதிரி காய்ந்து தொங்குகிறது, தொட்டால் துணி தனியாகவும் பசை தூளாகவும் வருகிறது. பின்னறைக்குப் போகிற குழாய் தகர வாயிலிருந்து முழுக்கக் கழன்று, ஒரு சாண் தள்ளிக் கிடக்கிறது. இரண்டு வருடமாகக் கூரையைக் குளிர வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

தகரக் கை எழுதியது:

டீச்சர், கணக்கு உங்களுக்கே வரும். அறைக் காத்து 27, கூரைக் காத்து 43, வித்தியாசம் 16. ரெண்டும் கலந்து 32 வந்திருக்கு, அதாவது அறைச் சூட்டை விட 5 கூட. பதினாறுல அஞ்சு. மெஷின் குடிக்கிற காத்துல கிட்டத்தட்ட மூனுல ஒரு பங்கு கூரையிலேர்ந்து வருது. அம்மா மூச்சு விடறது அதைத்தான். எந்த மெஷினை மாத்தினாலும் அந்த எண்ணு மாறாது, அதனால 9,000 வெள்ளியப் பத்திரமா வையுங்க.

அந்தத் துணி டேப்புக்கு டக்ட் டேப்புன்னு பேரு, டக்டுக்கு மட்டும் அது ஆகாது. 1998ல அமெரிக்காவுல லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துல மேக்ஸ் ஷெர்மன், இயன் வாக்கர்னு ரெண்டு பேரு பல விதமான டேப்பையும் பசையையும் சூட்டுலயும் குளிர்லயும் மாத்தி மாத்திப் போட்டு சோதிச்சாங்க. துணி டேப்புதான் நிலைக்காமப் போச்சு. ரப்பர்ப் பசை சூட்டுல காஞ்சிடும். பால்மர ஊர்க்காரங்களுக்கு இதைச் சொல்லணுமா, ஒட்டுப்பால் வெயில்ல கிடந்தா என்ன ஆகும்னு அம்மாவைக் கேளுங்க. சாதாரண ஹார்ட்வேர் கடையில போய் டக்ட் அடைக்கணும்னு சொன்னா இன்னமும் அதைத்தான் எடுத்து நீட்டுவாங்க, வாங்கிடாதீங்க.

வேண்டியது மாஸ்டிக், டக்ட் மூட்டை அடைக்கிற கெட்டிப் பசை. ஏர்கோன் சாமான் மட்டும் விக்கிற கடையில டின்ல கிடைக்கும். தண்ணியில கரையிற வகை வாங்குங்க, கை கழுவ லேசு. தோசை மாவை விடக் கெட்டியா, கிட்டத்தட்ட பருப்பு மசியல் மாதிரி இருக்கும். மூட்டைத் துணியால துடைச்சு எண்ணெய், தூசி இல்லாம ஆக்கிட்டு, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால ரெண்டு பக்கமும் ரெண்டு விரல் அகலத்துக்குத் தடவுங்க. தகரம் தெரியக் கூடாது, ஒரு 20 காசு நாணயத் தடிமன் நிக்கணும். இடைவெளி 6 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா மாஸ்டிக் மட்டும் போதாது, பைபர்கிளாஸ் வலை டேப்பை மொதல்ல ஒட்டி அது மேல அப்புங்க. ஒரு நாள் காயட்டும். அதுவரைக்கும் மெஷினைப் போடாதீங்க.

பிளைவுட்ல வெட்டின இடத்தை மாஸ்டிக்கால நிரப்பப் பாக்காதீங்க. தகரத் துண்டு வெட்டி ஆணி திருகி மூடுங்க, கம்பி போற இடத்துக்கு ரப்பர் வளையம் போட்டுட்டு, சுத்தி மாஸ்டிக். ஒயர்மேனைக் கூப்பிட்டுக் கம்பிய ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க. வேலை முடியிற வரைக்கும் மெயின் சுவிட்சை ஆப் பண்ணியே வச்சிருக்கணும்.

கழண்ட குழாய்க்கு ரெண்டு தோல் இருக்கும், உள்தோல், வெளித்தோல். எல்லாரும் வெளித்தோலை இழுத்துக் கட்டிட்டு இறங்கிடுவாங்க, அது தப்பு. உள்தோலைத் தகர வாய் மேல நல்லா ஏத்தி, நைலான் கட்டு போட்டு இறுக்கி, மாஸ்டிக் தடவணும். அப்புறம் இன்சுலேஷனை இழுத்து விட்டு வெளித்தோலைத் தனியாக் கட்டி, அலுமினிய டேப்பால சுத்தணும். டேப்புல யூஎல் 181னு டக்ட் சாமானுக்கான தரக் குறி அச்சடிச்சிருக்கும், அது இருந்தா வாங்குங்க. நம்ம ஈரத்துக்கு வெளித்தோல்ல ஒரு கீறல் இருந்தாக் கூட உள்ள இன்சுலேஷன் தண்ணி குடிச்சுப் பூசணம் புடிக்கும். குழாய் தொட்டில் மாதிரி தொங்கக் கூடாது, பட்டை போட்டு நேரா இழுத்துக் கட்டுங்க.

எதுல ஆரம்பிக்கிறதுன்னா, மெஷினுக்குப் பக்கத்துலேர்ந்துதான். அங்கதான் காத்து அழுத்தம் ஜாஸ்தி, அங்க உள்ள ஒரு ஓட்டை தூரத்துல உள்ள அதே அளவு ஓட்டையை விட ஜாஸ்தி ஒழுகும். கடைசியா கீழேர்ந்து கிரில்லைக் கழட்டிப் பெட்டிக்கும் சிலிங் பலகைக்கும் நடுவுல அடைச்சிருங்க, கருந்திட்டு அதோட நிக்கும். பில்டர் கதவு, மெஷின் மூடி, தண்ணித் தட்டு இதுக்கு மட்டும் மாஸ்டிக் பூசிடாதீங்க. நாளைக்கு சர்வீசுக்குத் திறக்கணும். அங்க ஸ்பாஞ்சுப் பட்டை போதும்.

கதவு அடிச்சுக்கிறதுக்கு வேற மருந்து. அம்மா அறைக்குள்ள காத்து ஊதுது, திரும்பி வர வழி நடைவழிக் கிரில் ஒன்னுதான். கதவைச் சாத்தினா அறையில அழுத்தம் ஏறும், நடைவழி காத்துக்கு ஏங்கும். கதவு அடியில ஒரு அங்குலம் அறுத்து விடுங்க, இல்லன்னா கதவுக்கு மேல ஒரு கிரில் வைங்க.

செம்பனை மகன் எழுதியது:

ஐயா, வெளிநாட்டுல டக்ட்டுக்குள்ள மருந்து அடிச்சு உள்ளேர்ந்தே அடைக்கிறாங்கன்னு ஒரு வீடியோ பாத்தேன். அது இங்க வராதா?

தகரக் கை எழுதியது:

அதுவும் பெர்க்லியில பொறந்ததுதான் தம்பி. மார்க் மொடேராங்கிறவர் 1990கள்ல கொண்டு வந்தாரு. கிரில்லையெல்லாம் மூடிட்டுப் பசைத் துகளைக் காத்தோட அனுப்புவாங்க. காத்து ஓட்டை வழியா வெளிய போகப் போகத் துகள் ஓட்டை விளிம்புல ஒட்டி ஒட்டி அடைக்கும். கண்ணுக்குத் தெரியாத சின்ன ஓட்டைக்கு அது அருமை. டீச்சர் வீட்டுல கை நுழையுது, குழாயே கழண்டு கிடக்குது. இதுக்கு மனுசன் கைதான் வேணும்.

பெர்ஜுந்தை டீச்சர் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பள்ளித் தேர்வுத் தாள்கள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஏறிப் பத்தரைக்கு இறங்கினோம், அதற்கு மேல் கூரைக்குள் இருக்க முடியவில்லை. தங்கை வீட்டுக்காரர் பிளைவுட் வெட்டை மூடினார், குழாயை மாட்டினார். மாஸ்டிக் தடவியது நானும் தங்கையும். அடுத்த ஞாயிறு கிரில் பெட்டிகளும் மிச்ச மூட்டுகளும். மாஸ்டிக், வலை, அலுமினிய டேப், தகரம், நைலான் கட்டு, ஒயர்மேன் கூலி எல்லாம் சேர்த்து 260 வெள்ளி.

போன சனிக்கிழமை அதே நேரம் சூடு எடுத்தேன். நடைவழி 26, மெஷின் வாயில் 27, கூரை 42. பதினாறில் ஐந்தாக இருந்தது இப்போது பதினாறில் ஒன்று. கொஞ்ச நேரம் அந்தத் தெர்மோமீட்டரைப் பார்த்துக்கொண்டே நடைவழியில் நின்றேன், ஐயா.

பின்னறை குளிர்கிறது. அங்கே துணி மடித்து வைக்கப் போன தங்கை சால்வை தேடினாள். கட்டணம் 905 யூனிட் வந்தது. இந்த மாதம் மழையும் பெய்தது, அதனால் எல்லாமே அடைத்ததால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2025 ஜூலையில் கட்டண முறை மாறியபிறகு 1,000 யூனிட்டுக்குள் இருந்தால்தான் சேமிப்பு ஊக்கக் கழிவு கிடைக்கும், எங்களுக்கு முதல்முறையாகக் கிடைத்திருக்கிறது. கருந்திட்டைத் துடைத்து மூன்று வாரம் ஆகிறது, திரும்பவில்லை. காலையில் ஏழிலிருந்து ஒன்பது வரை சன்னலைத் திறந்து வைக்கிறோம், புகை இல்லாத நாளில்.

அம்மாவுக்கு இருமல் முழுக்க நின்றுவிடவில்லை. இரவில் எழுந்து உட்காருவது நின்றிருக்கிறது. தலையணை உறையைத் தினமும் தட்டிப் பார்க்கிறேன். வெள்ளையாகவே இருக்கிறது.

ஒரே ஒரு குறை மிச்சம். ராத்திரி ஏர்கோன் ஓடும்போது நடைவழியில் லேசாகச் சாக்கடை வாடை வருகிறது. கதவடியை அறுத்துவிட்டோம், பாத்ரூம் கதவும் சாத்தித்தான் இருக்கிறது. எங்கிருந்து வருகிறது?

தகரக் கை எழுதியது:

டீச்சர், அம்மா உட்காராம தூங்குறாங்கன்னு படிச்சதும் என் வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

வாடை தண்ணிக் குழாய்லேர்ந்து வருது. மெஷினுக்கு அடியில இருக்கிற தட்டுலேர்ந்து ஒரு பிவிசி குழாய் தண்ணிய வெளிய கொண்டு போகும். அதைப் பாத்ரூம் தரைச் சாக்கடையில விட்டிருப்பாங்க. அந்தத் தட்டு இழுக்கிற பக்கம் இருந்தா, குழாய்ல வளைவு இல்லாத பட்சத்துல மெஷின் சாக்கடைக் காத்தையும் உறிஞ்சும். முன்ன பெரிய ஓட்டை வழியா தாராளமா இழுத்துக்கிட்டு இருந்துச்சு, அதை நீங்க அடைச்சதும் மிச்சமிருக்கிற வழியில ஜாஸ்தியா இழுக்குது. அதனாலதான் இப்பத் தெரியுது.

மெஷின்கிட்டயே, தட்டுக்குக் கீழ ஆங்கில யூ எழுத்து மாதிரி ஒரு வளைவு போடச் சொல்லுங்க. மெஷின் பக்கத்துக் கால் நீளமா இருக்கணும், வெளிப்பக்கத்துக் கால் கொஞ்சம் குட்டையா. ரெண்டும் ஒரே உயரம்னா தண்ணி தட்டுலயே தேங்கிச் சிலிங்குல சொட்டும். போட்டு முடிச்சதும் தட்டுல ஒரு குவளை தண்ணி ஊத்தி வளைவை நிரப்பிட்டு அப்புறம் மெஷினைப் போடுங்க. நீங்க ஊருக்குப் போய் ரெண்டு வாரம் வீடு பூட்டியிருந்தா, வந்ததும் மறுபடி ஒரு குவளை ஊத்துங்க.